பதினேழாம் கேள்வி

படிவம் எங்கோ குளிர் நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்.
ஐந்தாம் கேள்வியே
‘கோடையிலும் கனத்த மேலங்கி அணிகிறாரா?’

ஆயர் ஈத்தாம் அடுக்ககத்தின் கீழ்த்தளம்.
மேசைப்பந்து மேசையைத் துடைத்துவிட்டு
ருக்குன் தெத்தாங்கா ஆட்கள் ஏழு பேர் உட்கார்ந்தோம்.
தமிழாக்கம் என் பொறுப்பு.
பக்கத்துக்கு இருபது ரிங்கிட், தேநீர் இலவசம்.

திடீரெனத் தாடி வளர்க்கிறாரா?
புலால் மறுக்கிறாரா?
தரையில் படுக்கிறாரா?
வாசித்து முடிக்குமுன் முகிலரசன் சிரித்துவிட்டான்.
தைப்பூசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்,
அவன் முகத்திலேயே எட்டு நாள் தாடி.
இந்தக் கணக்குப்படி
தண்ணீர்மலைப் படியேறும் அத்தனை பேருக்கும்
ஆளுக்கொரு கோப்பு திறக்க வேண்டும்.
முடிதிருத்தும் ஆ ஹுவாட் கையைத் தூக்கினார்:
ஒன்பதாம் மாதம் ஒன்பது நாள்
நானும் வெள்ளை உடுத்திச் சைவம், என்னையும் எழுதிக்கொள்.

காக் ஸைனுன் சிரிக்கவில்லை.
அவள் மகன் ஐந்து வேளையும் தொழத் தொடங்கிய வருஷம்
யாரோ இருவர் வந்து
செருப்பைக் கழற்றாமல் விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

பதினேழில் பேனா நின்றது.
‘நாம்’, ‘அவர்கள்’ என்று பிரித்துப் பேசுகிறாரா?

எந்த நாம்?
மூலத்தில் ஒரே ஒரு சொல்.
கேட்பவனை உள்ளே விடுகிறதா, வாசலில் நிறுத்துகிறதா
என்று அதற்கே தெரியாது.
என்னிடம் இரண்டு கதவு: நாம். நாங்கள்.
காக் ஸைனுனிடம் கேட்டேன்.
கீத்தா, காமி என்றாள் யோசிக்காமல்.
ஆ ஹுவாட் ‘லான்’ என்று
தன்னையும் எங்களையும் சேர்த்து விரலால் வட்டம் போட்டார்.
‘வா லாங்’ என்றபோது வட்டம் சுருங்கி
அவர் சட்டைப் பொத்தானில் நின்றது.

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
மூவருக்கும் ஒரே பையன்தான் நினைவில் வந்திருப்பான்.

ஒன்பதாம் மாடி லோகேந்திரன்.
‘நம்ம லிஃப்ட் செத்துருச்சுக்கா’ என்று
மாடிமாடியாக அறிவித்துக்கொண்டு போனவன்.
பூப்பந்தில் தோற்ற இரவு
ஆ ஹுவாட் கடை வாசலில் உட்கார்ந்து
‘கீத்தா காலா’ என்று மூக்கைச் சிந்தியவன்.
போன மாதம் என்னிடம் சொன்னான்:
‘நாங்க எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கிறது?’
என்னிடம்.
அவன் பேசும் அதே தமிழ் பேசுகிறவளிடம்.
அந்த நாங்களில் நானும் இல்லை.

படிவத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண்.
இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்களாம்.
அழைத்தால் வருவார்கள்.
வந்தால் அவன் நாங்கள் இன்னும் இறுகும்.
அழைக்காமல் விட்டு நாளை ஏதாவது நடந்தால்?
அன்றிரவு மின்விசிறியின் சத்தத்தில்
இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை லிஃப்ட் மறுபடி நின்றது.
காக் ஸைனுனுக்கு அன்றைக்கென்று
புதிய குளிர்பெட்டி, ஆறாம் மாடிக்கு.
வேண்டுமென்றே அன்று வரவழைத்தாளா, நான் கேட்கவில்லை.
லோகேந்திரனைக் கூப்பிட்டது அவள்தான்.
உபதேசமெல்லாம் இல்லை, பேரைச் சொல்லி ஒரு கத்தல்.

நான்காம் மாடித் திருப்பத்தில் சிக்கியது.
மேலே ஆ ஹுவாட், கீழே இவன்,
பாரம் முழுக்க இவன் தோளில்.
‘கீத்தா புசிங் டூலு’ என்றான் மூச்சிரைக்க.
முதல்ல நாம திருப்புவோம்.
காக் ஸைனுன் என்னைப் பார்க்கவே இல்லை,
கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இதை ஆதாரமென்று எழுத முடியாது.
பாரம் சொல்லவைத்த சொல்லாக இருக்கலாம்.
இறக்கி வைத்ததும்
தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பதினேழை இப்படி முடித்தேன்:
‘கடைசியாக எப்போது, யாரிடம், நாம் என்றார்?’
ஆம், இல்லை கட்டங்களை அடித்துவிட்டு
நான்கு வரி இடம் விட்டேன்.

மூலத்தில் இல்லாதது என்று
சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
இருபது ரிங்கிட் இன்னும் வரவில்லை.